அடித்தலும் நிறுத்தலும்: ‘ஸ்ட்றைக்’ என்னும் ஆங்கில வினைச்சொல்லின் சமூக வரலாறு

ஆங்கில அகராதி ஒன்றில் ‘ஸ்ட்றைக்’ என்னும் வினைச்சொல்லைத் தேடுவோர் அதன்கீழ் நீண்டதொரு பொருட்பட்டியலைக் காண்பர். அடித்தல், மோதுதல், நாணயம் பொறித்தல், தீக்குச்சி உரசுதல், மணிக்கூடு ஒலித்தல், வேரூன்றுதல், உடன்பாட்டுக்கு வருதல், கூடாரத்தைப் பிரித்தல், கொடியையோ கப்பற்பாயையோ இறக்குதல், எழுதியதை வெட்டிவிடுதல் எனத் தொடரும் அப்பட்டியலின் ஓரிடத்தில், வேலைநிறுத்தம் செய்தல் என்னும் பொருளும் இடம்பெறும். ஒத்தசொற்களைத் தொகுத்த நூலைப் பார்ப்பின், இப்பொருளுக்கு நிகராக வெளியேறுதல், கருவிகளைக் கீழே வைத்தல், வேலைக்கு வர மறுத்தல் போன்ற தொடர்கள் வரிசையாக நிற்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இட்டாலும் பொருள் மாறாது என்னும் எண்ணத்தை அவ்வரிசை படிப்போர் மனத்தில் தோற்றுவிக்கும்.

நமது நிகண்டு மரபும் ஒருபொருளுக்குரிய பல பெயர்களை ஒருபுறமும், ஒருசொல்லுக்குரிய பல பொருள்களை மறுபுறமுமாகத் தொகுத்தது. மனனஞ் செய்வதற்கு அம்முறை உதவிற்று. ஆயின் எச்சொல் எக்காலத்தில், எவர் வாயில், எத்தேவை கருதிப் பிறந்தது என்பதை அத்தகைய தொகுப்புகள் கூறா. சொற்களின் பொருள் மாற்றத்தைச் சமூக மாற்றத்தோடு இணைத்து நோக்கும் ஆய்வுமுறை, ரேமண்ட் வில்லியம்ஸ் 1976 இல் வெளியிட்ட ‘கீவேர்ட்ஸ்’ என்னும் நூலுக்குப் பின்னர் ஆங்கில ஆய்வாளர் மத்தியிற் பெரிதும் பரவிற்று. அம்முறையை ஒரு சாதாரண வினைச்சொல்லின்மீது பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தொழிலாளர் கூடி வேலையை நிறுத்துதல் என்னும் ஒரே செயலைக் குறிக்க இங்கிலாந்திற் பல வினைகள் வழங்கின. அவற்றுள் எதனை யார் கையாண்டனர் என்பது, உழைப்பைத் தர மறுப்பது குற்றமா உரிமையா என்னும் வினாவோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்திருந்தது என்பதே இங்கு எடுத்துரைக்கப்படும் கருத்தாகும்.

1. சொல்லின் பழைய பொருள்கள்

பழைய ஆங்கிலத்தில் இவ்வினையின் மூலவடிவம் தடவுதல், ஒரு பரப்பின்மீது மெல்லச் செல்லுதல், போதல் என்னும் பொருள்களைக் கொண்டிருந்தது. இதற்கு உறவான ஜேர்மன் வினை இன்றும் தடவுதல், பூசுதல், எழுதியதை வெட்டுதல், பாயை இறக்குதல் ஆகிய பொருள்களில் வழங்குகின்றது. ஆங்கிலத்தில் அடித்தல் என்னும் வன்மையான பொருள் பதினான்காம் நூற்றாண்டளவிலேயே ஊன்றியது. கப்பலின் பாயையும் பாய்தாங்கும் குறுக்குமரத்தையும் இறக்குதல் என்னும் கடல்வழக்கும் அதே நூற்றாண்டிலிருந்து காணப்படுகின்றது.

அடித்தல் என்னும் பொருளில் இச்சொல்லுக்கு அண்டையிலே ‘பீற்’, ‘ஹிற்’, ‘ஸ்மைற்’ முதலிய வினைகள் உள்ளன. முதலாவது மீண்டும் மீண்டும் அடித்தலையும், இரண்டாவது இலக்கில் அடி படுதலையும், மூன்றாவது 1611 ஆம் ஆண்டின் வேதாகம மொழிபெயர்ப்பு மூலம் நிலைத்த, தெய்வ தண்டனையின் சாயல் பொருந்திய அடியையும் குறிப்பன. இவற்றுள் எதுவும் வேலையை நிறுத்துதல் என்னும் பொருளைப் பெறவில்லை என்பது மனங்கொளத்தக்கது. வேலைநிறுத்தம் என்பது முதலாளிமீது விழும் அடி என்ற உவமையிலிருந்து இப்பொருள் பிறந்திருப்பின், அடித்தலைக் குறிக்கும் ஏனைய சொற்களுள் ஒன்றேனும் அவ்வழி சென்றிருக்கக்கூடும். உண்மையில் இப்பொருள் பிறந்த இடம் கப்பற்றளமாகும். எனினும், ஆங்கிலம் பேசுவோர் செவியில் இச்சொல் அடியின் ஒலியையும் உடன்கொண்டே வருகின்றது. வேலைநிறுத்தத்தை இயல்பாகவே வன்முறையாகக் காட்ட விழைந்தோருக்கு அவ்வொலி பிற்காலத்திற் பயன்பட்டது.

2. பணிவின் குறியாகப் பாய் இறக்குதல்

பாய்மரக் கப்பல்களின் காலத்தில், பாயை இறக்குதல் வெறும் தொழில்நுட்பச் செயலன்று. வலிய கப்பலுக்கு முன் மெலிய கப்பல் தன் மேற்பாயையும் கொடியையும் தாழ்த்துவது பணிவைத் தெரிவிக்கும் முறையாகும். தன் கரையைச் சூழ்ந்த கடல் தனக்கே உரியது எனக் கூறிய இங்கிலாந்து, அக்கடலிற் செல்லும் பிறநாட்டுக் கப்பல்கள் தன் போர்க்கப்பல்களைக் கண்டதும் பாயிறக்க வேண்டுமென வற்புறுத்தியது. 1652 இல் டோவர்க் கரைக்கு அப்பால் ஒல்லாந்தத் தளபதி ட்றொம்பின் கப்பல்களுக்கும் ஆங்கிலத் தளபதி பிளேக்கின் கப்பல்களுக்குமிடையே மூண்ட சமர், இம்மரியாதை பற்றிய பிணக்கிலிருந்தே வெடித்தது. முதலாவது ஆங்கில – ஒல்லாந்தப் போர் அவ்வாறு தொடங்கிற்று. வணிகப் போட்டியே அப்போரின் அடிப்படைக் காரணமாயினும், 1654 ஆம் ஆண்டின் வெஸ்ற்மின்ஸ்ரர் உடன்படிக்கையிலே பாயும் கொடியும் தாழ்த்தும் கடப்பாடு ஒல்லாந்தர்மீது சுமத்தப்பட்டமை அக்குறியின் பெறுமதியைக் காட்டும்.

ஆகவே பதினேழாம் நூற்றாண்டில் இவ்வினையின் கடற்பொருள் கீழ்ப்படிதலின் மொழியைச் சார்ந்திருந்தது. அதே செயல் அடுத்த நூற்றாண்டில் கீழ்ப்படியாமையின் பெயராயிற்று. இம்மாற்றத்தை மொழியின் தற்செயலான நெகிழ்ச்சி எனக்கொள்ள இயலாது. கப்பலை இயக்கும் கைகள் யாருடையவை என்பதை அக்கைகளுக்குரியோர் உணர்ந்துகொண்டதன் விளைவே அது.

3. 1768

ஏழாண்டுப் போர் 1763 இல் முடிவுற்றதும், கடற்படையிலிருந்து விடுவிக்கப்பட்ட மாலுமிகள் பெருந்தொகையாக வேலை தேடி வந்தனர். வணிகக் கப்பல்களிற் கூலி வீழ்ந்தது. 1760களின் பிற்பகுதியில் தானிய விலையோ ஏறியிருந்தது. 1768 ஆம் ஆண்டு இலண்டனில் அமைதியற்ற ஆண்டாகும். யோன் வில்க்ஸ் சிறையிடப்பட்டமையை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது மே 10 ஆம் திகதி சென் ஜோர்ஜ் வெளியிற் படையினர் துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தனர். நிலக்கரி சுமப்போர், நெசவாளர், மாலுமிகள் எனப் பல தொழிலாளர் தத்தம் கூலி தொடர்பாகக் கிளர்ந்தெழுந்ததும் அவ்வாண்டிலேயே.

இங்கிலாந்தின் வடகிழக்குத் துறைமுகமாகிய சண்டர்லாண்டில் மாலுமிகள் ஒன்றுகூடித் தம் குறைகளை எழுதிய பத்திரமொன்றை ஊர்ச் சதுக்கத்தில் வாசித்தனர். பின்னர் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் ஏறி, அவை கடலுக்குப் புறப்படாதவாறு பாய்தாங்கும் குறுக்குமரங்களை இறக்கினர். அவ்வாண்டு நிகழ்ச்சிகளைத் தொகுத்த ‘அனுவல் றெஜிஸ்ரர்’ என்னும் ஆண்டுத் தொகுப்பு இச்செயலைக் குறிக்க நாம் ஆராயும் வினையையே கையாண்டது. தேம்ஸ் நதியிலும் மாலுமிகள் அவ்வாறே கப்பல்களை நிறுத்தினர். வேலைநிறுத்தம் என்னும் பொருள் இந்நிகழ்ச்சிகளிலிருந்தே கிளைத்தது என்பதைச் சொல்லாய்வாளர் பொதுவாக ஏற்பர். சாமுவேல் யோன்சனின் புகழ்பெற்ற அகராதி 1755 இல் வெளிவந்தது. அது தோன்றியபோது, பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் பிறக்கவிருந்த இப்பொருள் உலகில் இருக்கவில்லை.

இரண்டு விடயங்கள் இங்கு நோக்கத்தக்கன. முதலாவது, இச்சொல்லைத் தந்தவர்கள் தம் வேலையின் கருவிமீதே தாக்கஞ் செலுத்தியோர் ஆவர். மாலுமி தன் குடிசையிற் படுத்திருந்தால் அவனுக்குப் பதிலாக வேறொருவனை ஏற்றிக் கப்பல் சென்றுவிடும். பாய் இறங்கிய கப்பலோ யார் ஏறினும் நகராது. தனியொருவனின் விலகலும் கூட்டான நிறுத்தமும் வேறு வேறு என்பதை அச்செயல் கண்முன் காட்டிற்று. இரண்டாவது, இதற்குக் கொடுக்கப்பட்ட விலையாகும். அவ்வாண்டுக் கிளர்ச்சியின் தொடர்பில் நிலக்கரி சுமக்கும் தொழிலாளர் எழுவர் யூலை மாதம் ஷட்வெல் பகுதியில் தூக்கிலிடப்பட்டனர்.

4. சட்டம் கையாண்ட வினைகள்

தொழிலாளரின் வாயில் இச்சொல் பரவிய காலத்திற் சட்டம் வேறு வினைகளையே பேசிற்று. எலிசபெத்து அரசியின் காலத்து 1563 ஆம் ஆண்டின் கைவினைஞர் சட்டத்தில், ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காது நீங்குவோனுக்குச் சிறை விதிக்கப்பட்டது. அங்கு குற்றவினை ‘நீங்குதல்’ ஆகும். ஊழியன் ஒருவன் தன் எசமானைவிட்டு அகல்கின்றான் என்பதே அச்சொல்லின் உட்கிடை. கூலி பற்றிய பிணக்கு அதில் இடம்பெறாது.

பதினெட்டாம் நூற்றாண்டிற் கூலித்தொழிலாளர் ஒரு வர்க்கமாக உருப்பெறத் தொடங்கியபோது, ‘நீங்குதல்’ போதாததாயிற்று. ‘இணைதல்’ என்னும் வினை முன்னணிக்கு வந்தது. 1776 இல் தமது ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலை வெளியிட்ட அடம் ஸ்மித், கூலி பற்றிய அதிகாரத்தில் இவ்வினையையே கையாள்கின்றார். எசமானர் எப்போதும் எங்கும் கூலியை உயர்த்தாதிருக்க மறைவாக இணைந்தே இருக்கின்றனர் என்றும், அது வழமையான நிலையாதலின் எவரும் அதனைக் கேள்விப்படுவதில்லை என்றும், தொழிலாளர் இணைவதோ பெருங் கூக்குரலாகச் செவிப்படுகின்றது என்றும், சட்டம் பின்னையதையே தடுக்கின்றது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். ஒரே வினை இரு வர்க்கங்களுக்குப் பொருந்தும்போது ஒன்றுக்கு மாத்திரம் குற்றமாகின்றது என்பதை முதலாளித்துவப் பொருளியலின் மூலவரே கண்டுகொண்டார்.

1799, 1800 ஆம் ஆண்டுகளின் இணைவுத் தடைச்சட்டங்கள் இந்நிலையை முழுமையாக்கின. கூலியை உயர்த்தவோ வேலைநேரத்தைக் குறைக்கவோ இணைதல், அதற்கென உடன்பாடு செய்தல், கூட்டத்திற்குச் செல்லுதல், பிறனொருவனை வேலையைவிட்டு விலகத் தூண்டுதல் ஆகியன மூன்று மாதச் சிறைக்கோ இரண்டு மாதக் கடூழியத்துக்கோ உரிய குற்றங்களாயின. இவற்றுக்குச் சற்று முன்னர், 1797 இல், ஸ்பிற்ஹெட், நோர் ஆகிய இடங்களில் அரச கடற்படையின் மாலுமிகள் கப்பல்களை நிறுத்தினர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உயராதிருந்த சம்பளத்தை உயர்த்துமாறு ஸ்பிற்ஹெட் மாலுமிகள் கோரி வெற்றியும் பெற்றனர். நோரில் தலைமை தாங்கிய றிச்சாட் பார்க்கர் யூன் 30 ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். வணிகக் கப்பலில் 1768 இல் ஒரு பெயர் பெற்ற செயல், அரச கப்பலில் ‘படைக்கலகம்’ என்ற பெயரைப் பெற்றது. செயலின் உள்ளடக்கத்தைக் காட்டிலும், எவருடைய சொத்தின்மீது அது நிகழ்ந்தது என்பதே பெயரைத் தீர்மானித்தது எனலாம்.

பிரான்சிஸ் பிளேஸ், யோசப் ஹியூம் ஆகியோரின் முயற்சியால் 1824 இல் இணைவுத் தடைச்சட்டங்கள் நீக்கப்பட்டன. உடனே வேலைநிறுத்தங்கள் பெருகவே, 1825 இல் புதிய சட்டமொன்று இயற்றப்பட்டது. அதில் ‘இணைதல்’ பின்தள்ளப்பட்டு, ‘அச்சுறுத்தல்’, ‘தொல்லைப்படுத்தல்’, ‘இடையூறு விளைத்தல்’ என்னும் வினைகள் முன்வந்தன. இவற்றின் எல்லை நெகிழ்வானது. தொழிற்சாலை வாயிலில் நின்று உற்றுநோக்குவதும் அச்சுறுத்தலாகலாம். அமைதியாக எடுத்துக்கூறி ஒருவனை வேலைக்குப் போகாது தடுத்தல் குற்றமன்று எனக் கூறுவதற்கு 1859 இல் தனிச்சட்டம் வேண்டியிருந்தது. 1871 இன் சட்டம் அச்சலுகையை மீண்டும் குறுக்கியது.

இவற்றுக்கெல்லாம் அடியில், 1823 ஆம் ஆண்டின் எசமானர் – ஊழியர் சட்டத்தில், பழைய ‘நீங்குதல்’ உயிரோடிருந்தது. ஒப்பந்தத்தை மீறிய எசமானன் குடியியல் வழக்குக்கு மாத்திரம் உரியவன். மீறிய ஊழியனோ குற்றவாளி. 1858 முதல் 1875 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் இச்சட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் சராசரி ஏறத்தாழ 10,000 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. வேலைநிறுத்தஞ் செய்தோரை அடக்குதற்கு ‘வேலைநிறுத்தம்’ என்னும் சொல் சட்டத்தில் இருக்க வேண்டிய தேவையே இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1875 இல் இரு சட்டங்கள் இந்நிலையை மாற்றின. தனியொருவன் செய்தாற் குற்றமாகாத செயலைத் தொழிற்பிணக்கிற் பலர் கூடிச் செய்யினும் அது குற்றச்சதியாகாது என்னும் விதி அப்போதே நிலைபெற்றது.

5. தொழிலாளர் வழக்கிற் போட்டியிட்ட சொற்கள்

தொழிலாளர் மத்தியிலும் ஒரே சொல் உடனடியாக நிலைத்துவிடவில்லை. லங்காஷயர் ஆலைத்தொழிலாளர் ‘ரேண் அவுற்’, அதாவது வெளியேறுதல், என்னும் தொடரைப் பெரிதும் வழங்கினர். 1842 ஓகஸ்ட் மாதத்தில் ஆலை ஆலையாகச் சென்று கொதிகலன்களின் அடைப்பான்களைப் பிடுங்கி இயந்திரங்களை நிறுத்தியோர் இப்பெயராலேயே அழைக்கப்பட்டனர். வடகிழக்கு நிலக்கரிச் சுரங்கப் பகுதிகளில் ‘ஸ்ரிக்’ என்னும் வட்டார வழக்கு இருந்தது. அசையாது நிற்றல் என்னும் எண்ணம் அதிற் கேட்கின்றது.

‘ரேண் அவுற்’ என்னும் தொடரில் ஓர் இரட்டைத்தன்மை உண்டு. செயப்படுபொருளின்றி வருங்கால், தொழிலாளர் தாமே வெளியேறினர் என்று பொருள்படும். செயப்படுபொருளோடு வருங்கால், எசமானன் அவர்களை வெளியேற்றினான் என்று பொருள்படும். வாடகை வீட்டிலிருந்து குடும்பத்தைத் தெருவில் விடுவதற்கும் அதே தொடர்தான். சுரங்கப் பகுதிகளில் வீடுகள் முதலாளிக்கே உரியனவாயிருந்தமையால், முதலாம் பொருளில் வெளியேறியோர் இரண்டாம் பொருளிலும் வெளியேற்றப்படுதல் வழமையாயிற்று. ‘ஸ்ட்றைக்’ என்பதிலோ இம்மயக்கம் இல்லை. அதன் எழுவாய் தொழிலாளர் மட்டுமே. முதலாளி தன் ஆலையை மூடுவதற்கு ‘லொக் அவுற்’, அதாவது கதவடைப்பு, என்னும் வேறொரு வினை தேவைப்பட்டது. செய்வோன் யாவன் என்னும் தெளிவே ஏனைய சொற்களைப் பின்தள்ளி இச்சொல் மேலோங்குவதற்கு ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

1853 – 54 இல் பிறெஸ்ரன் நகரிற் பத்து வீதக் கூலி உயர்வு கோரிய நெசவாலைத் தொழிலாளர்க்கு எதிராக ஆலைகள் மூடப்பட்டபோது, இச்சொல் இங்கிலாந்தின் நடுத்தர வர்க்க வாசகர்களின் வீடுகளுக்குட் புகுந்தது. அந்நகருக்கு நேரிற் சென்ற சாள்ஸ் டிக்கின்ஸ், 1854 பெப்ரவரியில் தமது ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழில் இதனைத் தலைப்பிலேயே கொண்ட கட்டுரையொன்றை எழுதினார். அதே இதழில் அவ்வாண்டிறுதியில் தொடராக வந்த எலிசபெத் காஸ்கெலின் ‘வடக்கும் தெற்கும்’ என்னும் நாவலின் பதினேழாம் அதிகாரம், இச்சொல்லின் பொருள் என்ன என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்டது. தென்னிங்கிலாந்துக் கிராமத்திலிருந்து ஆலை நகரத்துக்கு வந்த இளம்பெண் ஒரு தொழிலாளியிடம் அப்பொருளைக் கேட்டறிகின்றாள். ஒரே மொழியைப் பேசும் ஒரே நாட்டில் ஒரு வினைச்சொல்லுக்கு வர்க்கங்களுக்கிடையே மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது என்பதை அவ்வதிகாரம் உணர்த்துகின்றது.

1888 யூலையில் இலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலையொன்றில் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் வேலையை நிறுத்தி வென்றனர். மறுவருடம் துறைமுகத் தொழிலாளர் மணித்தியாலத்துக்கு ஆறு பென்ஸ் கோரி ஐந்து வாரம் போராடி வென்றனர். நிரந்தர வேலையற்ற, தொழிற்றிறன் அற்றோர் எனக் கருதப்பட்ட இவர்களால் ஒன்றுபட இயலாது என்ற எண்ணம் அப்போது தகர்ந்தது. சொல்லின் எல்லையும் விரிந்தது. 1909 இல் பெண்கள் வாக்குரிமைப் போராளியான மரியன் வலஸ் டன்லொப் சிறையில் உணவை மறுத்தபோதும், 1915 இல் கிளாஸ்கோ நகரப் பெண்கள் உயர்த்தப்பட்ட வாடகையைக் கொடுக்க மறுத்தபோதும் இதே சொல்லே வழங்கியது. அடித்தல் என்று அகராதி முதலிற் கூறும் சொல், தன்னிடமுள்ளதைத் தராது மறுத்தல் என்னும் பொருளுக்கு வந்து சேர்ந்தது.

6. ஐரோப்பிய மொழிகளில் அதே செயல்

இச்செயலுக்குப் பிற மொழிகள் தந்த பெயர்களையும் ஒப்புநோக்குதல் பயனுடையது. பிரான்சில் 1791 ஆம் ஆண்டின் லெ ஷப்பெலியே சட்டம் தொழிலாளர் கூட்டிணைவைத் தடுத்தது. 1864 வரை அது குற்றமாயிருந்தது. மக்கள் வழக்கிலோ ‘கிறேவ்’ என்னும் சொல் தோன்றிற்று. பாரிஸ் நகரசபைக்கு முன்னாலிருந்த கிறேவ் சதுக்கத்தில் வேலையற்றோர் கூடி வேலைக்குக் காத்து நிற்பர். வேலையை வேண்டி நின்ற இடத்தின் பெயர், வேலையை மறுப்பதன் பெயராயிற்று. இஸ்பானியச் சொல் ஓய்ந்திருத்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. இத்தாலியச் சொல் வேலையினின்று நீங்குதலைக் குறிக்கும் இலத்தீன் அடியிலிருந்து வந்தது. ருஷ்ய மொழியில் வழங்கும் சொற்களுள் ஒன்று ‘போதும்’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லை அடியாகக் கொண்டது. ஜேர்மானியர் வேலையை நிறுத்தல் என்னும் தம் சொல்லோடு ஆங்கிலச் சொல்லையும் கடன்வாங்கிக்கொண்டனர். வறுமை, ஓய்வு, பொறுமையின் முடிவு எனப் பெயரின் ஊற்றுக்கள் வேறுபடினும், அரசுகள் வழங்கிய சொற்கள் யாவும் ‘கூட்டு’, ‘சதி’ என்னும் கருத்தையே சூழ்ந்து நின்றமை பொதுவான பண்பாகும்.

7. 1926

சொல்லை வென்றெடுத்தபின்னும் அடைமொழி பற்றிய போர் எஞ்சியிருந்தது. 1926 மே 3 ஆம் திகதி நள்ளிரவு தொடக்கம் 12 ஆம் திகதி வரை சுரங்கத் தொழிலாளர்க்கு ஆதரவாகப் பிரித்தானியத் தொழிலாளர் நடாத்திய போராட்டத்தை வரலாறு ‘பொது வேலைநிறுத்தம்’ என்கின்றது. அதனை நடாத்திய தொழிற்சங்கக் காங்கிரஸ் அப்பெயரை விரும்பவில்லை; ‘தேசிய வேலைநிறுத்தம்’ என்றே கூறிற்று. ‘பொது’ என்னும் அடைமொழி அரசைக் கவிழ்க்கும் நோக்கத்தைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் என அதன் தலைவர்கள் அஞ்சினர். அரசாங்கமோ அவ்வடைமொழியையே பற்றி நின்று, இது அரசியலமைப்புக்கு எதிரான செயல் எனப் பிரசாரஞ் செய்தது. தம் போராட்டத்தின் பெயரைக் குறுக்கிக்கொண்டோர் அதன் நோக்கத்தையும் குறுக்கிக்கொண்டனர் என்னும் விமரிசனத்தை இடதுசாரி வரலாற்றாசிரியர் பலர் முன்வைத்துள்ளனர்.

தோல்வியின் பின் 1927 இல் இயற்றப்பட்ட தொழிற்பிணக்குச் சட்டம், அனுதாப வேலைநிறுத்தங்களைத் தடுக்கும் பொருட்டு, நாம் ஆராயும் சொல்லுக்கு வரைவிலக்கணம் கூறிற்று. ஒரு தொழிலில் ஈடுபட்ட தொகுதியினர் இணைந்து வேலையை நிறுத்தல், அல்லது ஒருமித்துத் தொடர்ந்து வேலைசெய்ய மறுத்தல் என்பது அதன் சாரம். ‘இணைந்து’ என்னும் சொல்லில் 1800 ஆம் ஆண்டின் குற்றவினை மீண்டும் தலைகாட்டுதல் நோக்கத்தக்கது. தொழிலாளரின் சொல்லை ஏற்றுக்கொண்ட சட்டம், தன் பழைய சொல்லை அதன் வயிற்றுள் வைத்தது. பிரித்தானியாவில் அச்சட்டம் 1946 இல் நீக்கப்பட்டது.

8. இலங்கைக்கு வந்த சட்டமும் சொல்லும்

இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று. எசமானர் – ஊழியர் சட்டத்தின் கருத்து 1841 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் மூலமும், பின்னர் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் மூலமும் இலங்கைக்கு வந்தது. கோப்பித் தோட்டங்களிலும் பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும் வேலைசெய்த தமிழகத்துத் தொழிலாளர், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தைவிட்டு அகன்றால் சிறைக்குரியவராயினர். இங்கிலாந்தில் 1875 இல் அழிந்த குற்றவினை மலைநாட்டில் 1920களின் தொடக்கம் வரை வாழ்ந்தது. சட்டம் இதனைப் ‘படையைவிட்டு ஓடுதல்’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லாற் சுட்ட, துரைமார் பேச்சு வழக்கில் ‘போல்ற்’ என்றனர். அது மிரண்டு கட்டவிழ்த்து ஓடும் குதிரைக்கு வழங்கும் வினையாகும். கடன் பற்றுச்சீட்டாகிய ‘துண்டு’ இன்றி வேறு தோட்டத்தில் வேலை பெறவியலாத ஒருவர், கூலி கிடைக்காமையால் அகன்றாலும் அதே வினைக்கே உரியவரானார். குறையைச் சொல்லி நிறுத்துவோர் என அவரைக் கருதுவதற்கு அச்சொற்றொகுதியில் இடமே இருக்கவில்லை.

நகரத்தில் 1893 இல் கொழும்பு அச்சகத் தொழிலாளர் முதலாவது ஒழுங்கமைந்த வேலைநிறுத்தத்தை நடாத்தினர். குமாரி ஜயவர்த்தன 1972 இல் வெளியிட்ட இலங்கைத் தொழிலாளர் இயக்கம் பற்றிய ஆய்வு இதனை விரிவாக எடுத்துரைக்கின்றது. தோட்டப்புறத்தில் அச்சொல் வேரூன்றியது 1939 – 40 ஆம் ஆண்டுகளிலேயாகும். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தன் பொலிசாராற் சுட்டுக் கொல்லப்பட்டார். இதனிடையே 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச்சட்டம் வேலைநிறுத்தத்துக்கு வரைவிலக்கணம் கூறியது. பிரித்தானியாவின் 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரைவிலக்கணமே ஏறத்தாழ அதே சொற்களில் அதிற் காணப்படுகின்றது.

இலங்கைத் தமிழில் ‘வேலைநிறுத்தம்’, ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்னும் இரண்டும் இன்று ஒருபொருட் சொற்களாக வழங்குகின்றன. பின்னையது விலக்கிவைத்தல் என்னும் வடமொழிப் பொருளுடையது; விலகி நிற்றலைக் குறிக்கும் சிங்களத்து ‘வர்ஜனய’ அதற்கு அண்மையிலே நிற்பது. முன்னையதில், ஆங்கிலத்து ‘ரேண் அவுற்’ தொடரிற் கண்ட மயக்கமே உள்ளது. தொழிலாளர் வேலையை நிறுத்தினர் என்றும் கூறலாம்; தொழிலாளரை வேலையிலிருந்து நிறுத்தினர் என்றும் கூறலாம். 1980 யூலையில் 300 ரூபா சம்பள உயர்வு கோரி நடந்த வேலைநிறுத்தம் முதலாம் பொருளில் தொடங்கி இரண்டாம் பொருளில் முடிந்தது. ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தனர். அவர்களைப் பதவிநீக்கஞ் செய்ததாக அரசாங்கம் கூறவில்லை. வேலைக்குத் திரும்பாதோர் தம் பதவியைத் தாமாகவே விட்டு நீங்கியோராகக் கருதப்படுவர் என அவசரகால விதிகள் கூறின. 1563 இன் ‘நீங்குதல்’ 417 ஆண்டுகள் கழித்துக் கொழும்பிலே தன் வேலையைச் செய்தது. நீக்கியவர் எவருமில்லை, நீங்கியவரே உளர் என்னும் வாக்கியத்தில், செய்தவன் மறைந்து செய்யப்பட்டவனே செய்தவனாகின்றான்.

9. முடிவு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று நிலைகள் புலனாகும். ‘நீங்குதல்’ என்னும் வினை தொழிலாளியைத் தனியனாக்கி, எசமானுக்குக் கடமைப்பட்டவனாகக் காட்டும். ‘இணைதல்’ என்னும் வினை அவனைக் கூட்டத்தில் வைத்து, அக்கூட்டத்தையே குற்றமாகக் காட்டும். மாலுமிகளின் வினையோ, கூட்டத்தையும் ஏற்றுக்கொண்டு, அக்கூட்டம் தன் உழைப்பின்மீது தான் கொண்ட ஆட்சியையும் வெளிப்படுத்தும். மூன்றும் ஒரே நிகழ்ச்சியைச் சுட்டலாம். எனினும் மூன்றிலும் எழுவாய் ஒருவரல்லர். ஆதலின் இவற்றை ஒத்தசொற்கள் எனல் இலக்கணத்துக்குப் பொருந்துமாயினும் வரலாற்றுக்குப் பொருந்தாது.

தொழிலாளரின் சொல் அகராதியில் இடம்பெற்றுவிட்டமையால் பழைய வினைகள் மறைந்துவிட்டன என்றும் கொள்ளலாகாது. உரிமை வலுவாயிருக்கும் காலத்தில் அவை உறங்கும்; அது தளரும்போது சுற்றறிக்கையிலும் அவசரகால விதியிலும் புதிய உடையோடு எழும். ‘அத்தியாவசிய சேவை’, ‘பதவி விட்டு நீங்கியவர்’ என்னும் தொடர்கள் நம் காலத்தில் எழுந்த அத்தகையன. தொழிற்பிணக்கொன்று பற்றிய செய்தியை வாசிக்கும்போது, அதிற் கூறப்படும் செயலுக்கு யார் எழுவாயாக வைக்கப்பட்டுள்ளார் என்பதை முதலிற் கவனித்தல் மொழி மாணவருக்கும் வரலாற்று மாணவருக்கும் ஒருங்கே உரிய பணியாகும்.